படிப்பணம் வாங்காத ஆளுநர் நெகேமியா

எபிரேய மொழியில் மதிப்பைக் குறிக்கும் முக்கியமான சொல் கவோத். அதன் வேருக்கு முதற்பொருள் பாரம். ஈரலின் பெயரும் அதே மூன்று எழுத்துக்களில்தான் எழுதப்படுகிறது. ஒருவருக்கு கவோத் உண்டு என்றால் அவருடைய சொல்லுக்கு எடை உண்டு, காற்றில் பறக்கிற பதர் அல்ல அவர் என்று பொருள். தமிழருக்கு இதில் புதுமை இல்லை. நெல்மூட்டை கனம் என்கிறோம், நீதிபதியையும் கனம் நீதிபதி என்கிறோம். பெற்றோரைப் பற்றிய கட்டளையைத் தமிழில் பெயர்த்தவர்களும் கனம்பண்ணுதல் என்ற சொல்லைத்தான் எடுத்தார்கள்.

ஆனால் கனம் என்று ஒன்று இருந்தால் அதை யாரோ சுமக்க வேண்டும். எபிரேய வேதத்தில் அந்தச் சுமையைக் கணக்காக எழுதி வைத்துவிட்டுப் போனவர் நெகேமியா. வணிகவியல் படித்து, கணக்கெழுதிப் பிழைக்கிற நமக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவே காரணம்.

பாபிலோனியர் எருசலேமை இடித்தது கிமு 586 அளவில். ஊரில் எஞ்சியவர்களில் பலரைக் கைதிகளாகக் கொண்டுபோனார்கள். பின்பு பாரசீகர் பாபிலோனைப் பிடித்தார்கள், திரும்ப விரும்பியவர்கள் திரும்பலாம் என்றார்கள், கிமு 515இல் ஆலயமும் மீண்டும் எழுந்தது. எல்லோரும் திரும்பவில்லை. திரும்பாத குடும்பமொன்றின் பிள்ளைதான் நெகேமியா. சூசான் அரண்மனையில் முதலாம் அர்தசஷ்டா மன்னருக்குத் திராட்சை இரசம் ஊற்றிக் கொடுக்கும் பதவி. இது எடுபிடி வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். நஞ்சுக்கு அஞ்சுகிற அரண்மனையில் மன்னன் தன் உயிரையே நம்பிக் கொடுக்கிற இடம் அது.

கிமு 445. மன்னரின் இருபதாவது ஆண்டு. ஊரிலிருந்து சகோதரன் ஆனானி வந்தான். மதில் இடிந்து கிடக்கிறது, வாசல்கள் எரிந்தபடியே இருக்கின்றன, இருக்கிற சனம் அவமானத்தோடு வாழ்கிறது என்று சொன்னான். நெகேமியா நாலு மாதம் அதை மனதில் வைத்துப் புழுங்கினார். பிறகு ஒருநாள் மன்னர் முன் முகம் வாடி நின்றார். மன்னர் காரணம் கேட்டபோது, தன் தகப்பன்மாரின் கல்லறைகள் உள்ள நகரம் பாழாய்க் கிடக்கிறது என்றார். மன்னர் விடை கொடுத்தார். நெகேமியா அத்தோடு நிற்கவில்லை. ஆற்றுக்கு அப்பாலுள்ள ஆளுநர்களுக்குக் கடிதம் கேட்டார், அரச வனத்தின் காவலனிடம் மரம் பெறுவதற்கு இன்னொரு கடிதமும் கேட்டார். அழுகை வேறு, ஆவணம் வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எருசலேமில் மூன்று நாள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இரவில் சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு மதிலைச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் அவர் ஏறிவந்த மிருகம் போக வழியில்லாத அளவுக்கு இடிபாடு. இருப்பை எண்ணிப் பார்த்த பிறகே ஊர்ப் பெரியவர்களிடம் வாய் திறந்தார்.

அவர் பெயரிலுள்ள நூலின் மூன்றாம் அதிகாரம் வெறும் பெயர்ப் பட்டியல். பிரசங்கங்களில் பெரும்பாலும் தாண்டிப் போவார்கள். எங்களுக்கு அது தங்கம். இன்னார் இந்த வாசலிலிருந்து அந்தக் கோபுரம் வரை, அவருக்கு அடுத்து இன்னார் என்று போகிறது. பொற்கொல்லர் வருகிறார்கள், வாசனைத் திரவியம் செய்பவன் வருகிறான், சல்லூம் என்பவன் தன் மகள்மாரோடு வருகிறான். தெக்கோவா ஊரார் வந்தார்கள், அவ்வூர்ப் பிரபுக்கள் மட்டும் இந்த வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்றும் பதிவு இருக்கிறது. வராதவர் பெயரையும் குறித்து வைக்கிற இடாப்பு அது. பழுது பார்த்தார் என்று அங்கே முப்பது தடவைக்கு மேல் வருகிற வினைச்சொல், பலம் என்று பொருள்படும் ஹஸக் என்ற வேரில் பிறந்தது. பலப்படுத்தினார் என்பதே அதன் நேர்ப்பொருள். சிங்கத்தைக் கிழித்த சிம்சோனின் பலத்தைத்தான் நாம் கதையில் கேட்டு வளர்ந்தோம். இங்கே பலம் என்பது வீட்டுக்கு எதிரேயுள்ள உடைந்த மதிலில் கல் அடுக்குவது.

சமாரியாவின் சன்பல்லாத்தும் அம்மோனியனான தொபியாவும் சிரித்தார்கள். ஒரு நரி ஏறினாலே இந்த மதில் விழும் என்றான் தொபியா. (சன்பல்லாத்து கதைப் பாத்திரமல்ல. எகிப்தின் எலிபன்டைன் தீவில் கிடைத்த கிமு 407ஆம் ஆண்டுக் கடிதமொன்று அவனைச் சமாரியாவின் ஆளுநர் என்றே குறிப்பிடுகிறது.) சிரிப்பு பலிக்காதபோது தாக்கப் போவதாகச் செய்தி வந்தது. பாதிப் பேர் ஈட்டியோடு காவல், பாதிப் பேர் வேலை. சுமைகாரர் ஒரு கையில் சுமையும் மறு கையில் ஆயுதமுமாக நின்றார்கள். அவர்களுடைய பலம் குறைந்துபோயிற்று, இடிபாடு மிச்சம் என்று ஊரே புலம்பியது.

உண்மையான ஆபத்து வெளியிலிருந்து வரவில்லை. வேலை நடக்கும்போதே ஏழைகளும் அவர்கள் மனைவிமாரும் கூக்குரலிட்டார்கள். பஞ்சத்தில் தானியம் வாங்க வயலையும் தோட்டத்தையும் வீட்டையும் ஈடு வைத்தாயிற்று. மன்னருக்கு வரி கட்டக் கடன் வாங்கியாயிற்று. பிள்ளைகளை அடிமையாகக் கொடுக்க வேண்டியதாயிற்று, மகள்மாரில் சிலர் ஏற்கெனவே போய்விட்டார்கள். கடன் கொடுத்தவர்கள் வேற்றார் அல்ல, சொந்தச் சனம். ஏழைச் சகோதரனிடம் வட்டி வாங்கக் கூடாது என்ற சட்டத்தை வைத்திருந்த சனம்.

நெகேமியா பிரபுக்களைக் கூட்டி வைத்துக் கேட்டார். கேட்டதோடு, தானும் தன் சகோதரரும் வேலைக்காரரும் காசும் தானியமும் கடனாகக் கொடுத்திருப்பதைச் சபையிலேயே சொன்னார். மற்றவனின் பேரேட்டை மட்டும் திறக்கிற ஆட்களையே கண்டு பழகிய நமக்கு இந்த இடம் அதிசயம். நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள், நூற்றுக்கு ஒன்றாக வாங்குகிறதையும் விடுங்கள் என்றார். மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்று உரைகாரர் பலர் கொள்கிறார்கள். அப்படியானால் வருடத்துக்கு 12 வீதம். ஆசாரியரை அழைத்துச் சத்தியம் வாங்கினார். வாக்கு மாறுகிறவனைக் கடவுள் இப்படி உதறட்டும் என்று தன் மேலாடையை உதறிக் காட்டினார்.

அதன் கீழேதான் அவருடைய சொந்தக் கணக்கு வருகிறது. முன்னிருந்த ஆளுநர்கள் சனத்திடமிருந்து அப்பமும் இரசமும், 40 சேக்கல் வெள்ளியும் வாங்கினார்கள். இன்றைய நிறுவையில் ஏறக்குறைய அரைக் கிலோ வெள்ளி. நெகேமியா யூதாவின் ஆளுநராயிருந்த 12 வருடமும் அந்தப் படியைத் தொடவில்லை. ஆனால் பந்தி நடந்தது. நாளொன்றுக்கு 150 பேரும் அயல்நாட்டிலிருந்து வந்தவர்களும் அவர் மேசையில் சாப்பிட்டார்கள். தினமும் ஒரு மாடு, ஆறு நல்ல ஆடு, கோழி வகைகள், பத்து நாளைக்கொருமுறை இரசம். பெருக்கிப் பார்த்தோம். வருடத்துக்கு 365 மாடு, 2190 ஆடு. பதவிக்குரிய விருந்தை அவர் குறைக்கவில்லை, செலவை யார் தலையில் எழுதுவது என்பதை மாற்றினார். வசதி இருந்தது, செய்தார் என்று யாராவது சொல்லலாம். வசதி இருந்த முந்தியவர்கள் செய்யவில்லையே.

முன்னைய ஆளுநர்கள் சனத்தைப் பாரப்படுத்தினார்கள் என்று நெகேமியா எழுதும் இடத்திலும், சனத்தின் மேல் வேலை பாரமாயிருந்ததால் படி கேட்கவில்லை என்று எழுதும் இடத்திலும் அவர் எடுக்கிற சொல் கவோத்தின் அதே வேர். மதிப்பும் பாரமும் ஒரே எழுத்துக்களில் இருக்கிற மொழியில், தலைவனுடைய மதிப்பு ஏறும்போது சனத்தின் முதுகில் என்ன ஏறுகிறது என்பதை மறைக்க முடியாது. நாம் ஒருமுறை ஒரு சங்கத்தின் கணக்கைப் பார்க்கப் போய், பிரமுகர் விருந்துக்குப் பற்றுச்சீட்டு கேட்டோம். பெரியவர்களின் மரியாதையைக் குறைக்கிறீர்கள் என்றார்கள். ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டச் சேர்த்த காசு அது.

மதில் 52 நாளில் முடிந்தது. சன்பல்லாத்து நாலு முறை கூப்பிட்டும் நெகேமியா வேலையை விட்டு இறங்கவில்லை. ஆலயத்துக்குள் ஒளிந்து உயிர் தப்பும்படி ஒருவன் கூலி வாங்கிக்கொண்டு ஆலோசனை சொன்னபோதும் போகவில்லை. ஒளிந்தால் தன் பேர் கெடும், மற்றவர் கை தளரும் என்று அறிந்திருந்தார். கைகள் பலப்பட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டார்.

கிமு 433இல் மன்னரிடம் திரும்பிப் போனார். மீண்டும் எருசலேமுக்கு வந்தபோது, ஆலயத்தின் பண்டகசாலை அறையொன்றில் தொபியா குடியிருக்க இடம் கொடுத்திருந்தார்கள். லேவியருக்கு உரிய பங்கு கொடுபடாமல் அவர்கள் வயலுக்கு ஓடிப்போயிருந்தார்கள். தொபியாவின் தட்டுமுட்டுகளை வெளியே எறிந்தார். பண்டகசாலைக்கு ஓர் ஆசாரியன், ஓர் எழுத்தன், ஒரு லேவியன், அவர்களுக்குத் துணையாக இன்னொருவன் என்று நால்வரை வைத்தார். அவர்கள் உண்மையானவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் என்பதே அவர் எழுதுகிற தகுதி. ஒரே கையில் சாவியைக் கொடுக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இங்கே முடித்தால் வாழ்க்கை அழகாயிருக்கும். ஆனால் நூல் தொடர்கிறது. வேற்றினப் பெண்களை மணந்த யூதரைக் கண்டார். அவர்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அஸ்தோத்து மொழி பேசினார்கள், யூத மொழி தெரியவில்லை. இந்த வரியில் நம்மில் பலருக்கு மூச்சு ஒருகணம் நிற்கும். நெகேமியா அவர்களோடு வாதாடினார், சபித்தார், சிலரை அடித்தார், மயிரைப் பிடுங்கினார். சபித்தல் என்பதற்கு அவர் எழுதிய எபிரேயச் சொல் இலேசாக்குதல் என்ற வேரிலிருந்து வருவது. கவோத்துக்கு நேர் எதிர்ச்சொல் அது. சனத்தின் பாரத்தைக் குறைத்த மனிதர், அந்தத் தகப்பன்மாரை எடையற்றவர்களாக ஆக்கினார். அச்சத்தைப் புரிந்துகொள்கிறோம். அடியை ஏற்க முடியவில்லை. தலைமயிரைப் பிடுங்கி எந்தப் பிள்ளைக்கும் மொழி வந்ததில்லை.

இவற்றையெல்லாம் தன் வாயாலேயே எழுதியவர் அவர். தன்னை நன்மைக்காக நினைத்தருளும்படி கடவுளைக் கேட்கிற வேண்டுதலோடு எழுத்து நின்றுவிடுகிறது. அவர் சூசானில் இறந்தாரா, தகப்பன்மாரின் கல்லறை அருகில் புதைக்கப்பட்டாரா என்பது அதில் இல்லை.