ஊர்களின் நலத்தை அளந்த வில்லியம் ஃபார்

ஓர் ஊரிற் பிறக்கும் குழந்தை சராசரியாக எத்தனை ஆண்டுகள் வாழும்? அடுத்த ஊரிற் பிறக்கும் குழந்தையும் அத்தனை ஆண்டுகள் வாழுமா? இவ்வினாக்களுக்குக் கணக்கின் துணைகொண்டு விடை தேடிய பெருமகனாரே வில்லியம் ஃபார்.

இவர் 1807ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர் பகுதியிலுள்ள கென்லி என்னும் சிற்றூரில், ஏழைப் பெற்றோருக்கு மகனாகப் பிறந்தார். ஜோசப் பிரைஸ் என்னும் செல்வர் இவரை ஆதரித்து வளர்த்ததோடு, தாம் இறக்கும்போது 500 பவுணும் விட்டுச் சென்றார். அந்நிதியே ஃபார் பாரிஸ் மாநகரஞ் சென்று மருத்துவம் பயில உதவியது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837ஆம் ஆண்டு முதல் பிறப்பு, இறப்புக்களை அரசே பதியத் தொடங்கியது. அப்பதிவேடுகளைத் தொகுக்கும் பணியில் அமர்ந்த ஃபார், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதிலேயே உழைத்தார். 1841ஆம் ஆண்டின் தரவுகளிலிருந்து அவர் கணித்த சராசரி ஆயுள் சரே பகுதியில் 45, இலண்டனில் 37, லிவர்ப்பூலில் 26. ஒரே நாடு, ஒரே அரசு. ஆயினும் ஆயுளில் இத்துணை வேறுபாடு!

இறந்தோரின் வயதுகளை மாத்திரம் கூட்டிச் சராசரி கண்டு ஊர்களை ஒப்பிடலாகாது என்றும் அவர் விளக்கினார். குழந்தைகள் மிகுந்த ஊரில் இறப்போருள்ளும் குழந்தைகள் மிகுந்திருப்பர். ஆகவே வாழ்வோர் தொகையையும் இறப்போர் தொகையையும் வயதுவாரியாகக் கணித்தார். (இரண்டாம் வகுப்பின் புள்ளிகளையும் பத்தாம் வகுப்பின் புள்ளிகளையும் கலந்து பாடசாலைகளை ஒப்பிட்டால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.) ஆண்டொன்றுக்கு ஆயிரவரில் 17 பேருக்கு மேல் இறவாத மாவட்டங்களையே அளவுகோலாக வைத்தார். அவ்வளவை விஞ்சிய மரணங்களை விதியென்று அவர் ஏற்கவில்லை.

இத்தகையவரும் ஒருமுறை தவறினார். 1849ஆம் ஆண்டு இலண்டனை வாந்திபேதி வாட்டியது. தேம்ஸ் நதியோரத் தாழ்நிலங்களில் பதினாயிரவருக்கு நூறு பேரளவில் மாண்டனர். மிக உயர்ந்த இடங்களில் பத்துப் பேர்கூட மாளவில்லை. கணக்குச் சரியானதே. ஆனால் தாழ்நிலத்தின் நச்சுக் காற்றே காரணமென அவர் முடிவுசெய்தார். வைத்தியர் ஜோன் ஸ்னோ குடிநீரே காரணமென்றார். 1854ஆம் ஆண்டு நோய் மீண்டும் பரவியபோது, ஃபாரின் அலுவலகப் பதிவுகளைக்கொண்டு ஸ்னோ வீடுவீடாக ஆராய்ந்தார். அசுத்தமான நதிநீரை வழங்கிய நிறுவனத்தின் வாடிக்கையாளரிடையே பதினாயிரம் வீடுகளுக்கு 315 மரணங்கள். மேல் நதியிலிருந்து நீரெடுத்த நிறுவனத்தின் வீடுகளில் 37 மாத்திரமே. ஃபார் அப்போதும் முழுமையாக உடன்படவில்லை.

1858ஆம் ஆண்டு ஸ்னோ காலமானார். 1866ஆம் ஆண்டு கிழக்கு இலண்டனில் வாந்திபேதி மூண்டபோது, மரணங்கள் ஒரு நிறுவனத்தின் நீர் பாயும் பகுதியிலேயே குவிந்திருப்பதை ஃபார் கண்டார். அதேபோல் தாழ்ந்தும் வறுமையுற்றும் இருந்த அயற்பகுதிகள் வேறு நீரைப் பருகிப் பிழைத்திருந்தன. வடிகட்டிய நீரையே வழங்குவதாக நிறுவனத்தார் கூறினர். மக்களோ தம் குழாய்களில் விலாங்கு மீன்களைக் கண்டனர்! தம் பழைய கருத்தைக் கைவிட்ட ஃபார், நீரே நோயைப் பரப்பியதென அரசறிக்கையிலேயே எழுதினார்.

பதிவாளர் நாயகம் பதவி தமக்கு வழங்கப்படாமையால் அவர் பணியிலிருந்து விலகினார். 1883ஆம் ஆண்டு மறைந்தார். இலண்டன் கெப்பல் வீதியிலுள்ள சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தின் முகப்பில் அவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. புள்ளிவிபரப் பணியில் அவருடன் தோழமை பூண்டிருந்த புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் பெயரும் 2019ஆம் ஆண்டில் அங்கே சேர்க்கப்பட்டது.