பிளான் போட்டவர் இர்வின்... கட்டி முடித்தவர் நம்பெருமாள் செட்டியார்!



கோவில்பட்டியில் ராத்திரி ரயில் ஏறிப் படுத்தால் காலையில் எழும்பூர். நம்மில் பல பேருக்குச் சென்னையில் கால் படும் முதல் இடம் அந்த ஸ்டேஷன்தான். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக எங்கப்பாவோடு நானும் போனேன். எல்லோரும் ஆட்டோவைத் தேடி ஓட, எங்கப்பா மட்டும் நின்று சுவரையே பார்த்துக்கிட்டிருந்தார். செங்கல் வரிசையை விரலால் தடவிப் பார்த்தார். இதைக் கட்டினது யாருன்னு என்னிடம் கேட்டார். சிவில் படிக்கிற எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாகிவிட்டது.

இதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று என்னிடம் இருக்கிறது. எங்கப்பா கொத்தனார். அம்மா சித்தாள். எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். டிப்ளமோ சேரும்போது விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதினேன். எங்களுக்கு ஒரு சென்ட் கரிசல்கூடக் கிடையாது!

ஊர் திரும்பியதும் அப்பா கேட்ட கேள்விக்கு விடை தேடினேன். எழும்பூர் ஸ்டேஷனுக்கு வடிவம் கொடுத்தவர் ஹென்றி இர்வின். கட்டியவர் பெங்களூர் கான்ட்ராக்டர் சாமிநாதப் பிள்ளை. 1908ல் திறக்கப்பட்டது. ஆனால் இர்வின் பெயரைத் தேடத் தேட, கூடவே இன்னொரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார்! அவர் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நம்பெருமாள் செட்டியார் 1856ல் பிறந்தவர். தெலுங்கு பேசும் வணிகக் குடும்பம். அவர் வளர்ந்த காலத்தில் மெட்ராஸும் வளர்ந்துகொண்டிருந்தது. 1871 கணக்கெடுப்பில் சுமார் 4 லட்சமாக இருந்த ஜனத்தொகை, 1901ல் 5 லட்சத்தைத் தாண்டியது. கோர்ட்டு, காலேஜ், பேங்க், லைப்ரரி என்று எல்லாமே புதிதாகத் தேவைப்பட்டன. பிளான் போட இங்கிலீஷ்காரர்கள் இருந்தார்கள். அதைக் கல்லிலும் செங்கல்லிலும் எழுப்பிக் காட்ட ஆள் வேண்டுமே!

சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிற விக்டோரியா பப்ளிக் ஹால்தான் அவருக்குப் பேர் வாங்கித் தந்த ஆரம்ப கால வேலை. வடிவமைத்தவர் சிசோம். அந்தக் காலத்தில்தான் இர்வின் மெட்ராஸுக்கு வந்தார். சிம்லாவில் வைஸ்ராய் மாளிகையைக் கட்டி முடித்துவிட்டு வந்தவர். பின்னாளில் மைசூர் அரண்மனைக்கும் அவரே வடிவம் கொடுத்தார். இர்வின் வரைய, செட்டியார் கட்ட, இருபது வருஷத்தில் மெட்ராஸின் முகமே மாறியது.

முதலில் ஹைகோர்ட். பிராசிங்டன் போட்ட பிளானை இர்வின் திருத்தினார். 1888ல் ஆரம்பித்த வேலை 1892ல் முடிந்தது. நாலே வருஷம்! கிரேன் இல்லை, மிக்சர் இல்லை. சிமெண்டும் நம்ம நாட்டில் பெரிய அளவில் தயாராகாத காலம். போர்பந்தர் சிமெண்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கியதே 1914ல்தான். எல்லாம் சுண்ணாம்புச் சாந்து. அதுவும் பூச்சு இல்லாத செங்கல் கட்டு. பூசி மறைக்கிற வேலையில் தப்பு செய்தால் யாருக்கும் தெரியாது. பூசாத சுவரில் ஒரு வரி மட்டம் தப்பினாலும் நூறு வருஷத்துக்கு ஊரே பார்க்கும். ஹைகோர்ட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அந்தக் கட்டடத்தின் உயர்ந்த கோபுரத்து உச்சியில்தான் 1894 முதல் 1977 வரை மெட்ராஸ் துறைமுகத்துக்கான கலங்கரை விளக்கு எரிந்தது. 1914 செப்டம்பர் 22ல் ஜெர்மன் கப்பல் எம்டன் குண்டு வீசியபோது ஒரு குண்டு ஹைகோர்ட் வளாகத்திலும் விழுந்தது. சுற்றுச்சுவர்தான் சேதமானது. கட்டடம் அசையவில்லை! 2004ல் மதுரைக் கிளை வரும் வரைக்கும் நம்ம ஊர் வழக்கெல்லாம் அங்கேதான் போனது என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

அதோடு நின்றாரா? 1896ல் கன்னிமாரா நூலகம். கடற்கரைச் சாலையில் இன்றைக்கு ஸ்டேட் பேங்க் இருக்கிற பழைய மெட்ராஸ் பேங்க் கட்டடம். ஹைகோர்ட்டை ஒட்டி சட்டக் கல்லூரி. 1909ல் திறந்த விக்டோரியா நினைவு மண்டபம். இந்த மண்டபத்துக்கு சத்தியவேடு மணற்கல். கல் மாறினால் தச்சு மாறும், ஆள் மாறும், கணக்கும் மாறும். அத்தனையையும் சமாளித்தவர் செட்டியார்.

சம்பாதித்ததில் சேத்துப்பட்டில் நிறைய வீடுகள் வாங்கினார். ஆரம்ப காலத்திலேயே கார் வைத்திருந்த இந்தியர்களில் அவரும் ஒருவர். அரசாங்கம் திவான் பகதூர் பட்டம் கொடுத்தது. ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்திலிருந்து நோயோடு திரும்பியபோது, கடைசி நாட்களில் தங்கியது சேத்துப்பட்டில் செட்டியாருடைய வீட்டில்தான். 1920 ஏப்ரல் 26ல், 32 வயதில், அங்கேயே அந்த மேதையின் உயிர் பிரிந்தது. செட்டியார் காலமானது 1925ல்.

நண்பர்களே! டிப்ளமோதானே என்று நம்மை நாமே குறைத்துக்கொள்கிறோம். பி.இ. படித்தவன் முன்னால் தலை குனிகிறோம். யோசித்துப் பாருங்கள். இர்வின் பேப்பரில் ஒரு வளைவு வரைந்தார். அந்தக் கோட்டைப் படித்து, அளந்து, சாரம் கட்டி, கொத்தனாருக்கு விளங்க வைத்து, வளைவு விழாமல் நிறுத்த ஒருத்தர் வேண்டியிருந்தது. பிளானுக்கும் கரண்டிக்கும் நடுவில் நிற்கிற அந்த இடம் நம்முடைய இடம்! கரிசலில் அஸ்திவாரம் போட்டால் மழைக்கு மண் உப்பும், கோடைக்கு வெடிக்கும், சுவர் பிளக்கும். இதை நாம் புத்தகத்தில் மூன்றாவது செமஸ்டரில் படித்தோம். எங்கப்பா இருபது வருஷமாகக் கையால் படித்திருக்கிறார்.

செட்டியார் பெயராவது நமக்குக் கிடைத்தது. அவர் கீழே வேலை பார்த்த கொத்தனார், சித்தாள் பெயரை யார் கல்லில் வெட்டப் போகிறார்கள்? ஆனால் சுவர் இருக்கிறது. தடவிப் பார்த்தால் கை தெரிகிறது.

விடை கிடைத்த அன்று ராத்திரி சாப்பிடும்போது எங்கப்பாவிடம் சாமிநாதப் பிள்ளை, நம்பெருமாள் செட்டியார் இரண்டு பேர் கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், ஹைகோர்ட்டையும் ஒருதரம் பார்க்கணும் என்று மட்டும் சொன்னார். முதல் சம்பளத்தில் கூட்டிப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

கேம்பஸ் இன்டர்வியூவுக்கான படிவம் இந்த மாதம் வந்தது. தகப்பனார் தொழில் என்ற இடத்தில் இந்த முறை தெளிவாக எழுதினேன்: கொத்தனார்.



— மூன்றாமாண்டு சிவில் மாணவன், கடம்பூர்