பிரெடெரிக் லான்செஸ்டர்

பிரெடெரிக் வில்லியம் லான்செஸ்டர் (அக்டோபர் 23, 1868 – மார்ச் 8, 1946) ஓர் ஆங்கிலேயப் பொறியியலாளர் ஆவார். தானுந்துப் பொறிகளில் எழும் அதிர்வுகளின் காரணங்களை ஆராய்ந்து, அவற்றைத் தணிக்கும் கருவிகளை உருவாக்கியவர்களுள் இவர் முதன்மையானவர். வானூர்தியியலிலும் இவர் முன்னோடியாகக் கருதப்படுகிறார்.

வாழ்க்கைச் சுருக்கம்

லான்செஸ்டர் இலண்டனில் உள்ள லூயிஷாமில் பிறந்தார். தந்தையார் ஒரு கட்டடக் கலைஞர். சவுத்தாம்ப்டனிலும் இலண்டன் கென்சிங்டனிலும் பயின்ற இவர், பட்டம் பெறாமலேயே கல்வியை முடித்துக்கொண்டார். 1889ஆம் ஆண்டில் பர்மிங்காமில் வளிமப் பொறிகள் செய்யும் நிறுவனமொன்றில் சேர்ந்தார்.

இவர் 1895இல் உருவாக்கிய முதல் தானுந்தின் ஒற்றைச் சிலிண்டர் பொறி மிகுதியாக அதிர்ந்தது. ஆகவே 1897இல் அதற்குப் பதிலாக இரட்டைச் சிலிண்டர் பொறியைப் பொருத்தினார். இதில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு கிராங்க் தண்டுகள் எதிரெதிர்த் திசைகளில் சுழன்று அதிர்வைப் பெருமளவு குறைத்தன. 1899இல் சகோதரர்களுடன் சேர்ந்து சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். வண்டிகள் விற்பனையான போதிலும், போதிய முதலின்மையால் 1904இல் அந்நிறுவனம் நொடித்தது. பின்னர் அது வேறு பெயரில் சீரமைக்கப்பட்டது. 1909 முதல் சுமார் இருபது ஆண்டுகள் டெய்ம்லர் நிறுவனத்தின் ஆலோசகராக இருந்தார்.

முறுக்கு அதிர்வுத் தணிப்பான்

ஆறு சிலிண்டர் பொறியின் கிராங்க் தண்டு நீளமானது. ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிதல் நிகழும்போது தண்டு சிறிது முறுக்கப்பட்டு மீள்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இம்முறுக்கம் தண்டின் இயல்பான அதிர்வெண்ணுடன் பொருந்தினால், அதிர்வு பெருகித் தண்டே முறியக்கூடும். பிளைவீல் எனப்படும் கனமான சக்கரம் பெரும்பாலும் பின்முனையில் இருப்பதால், முன்முனையிலேயே முறுக்கம் மிகுதி. கேம் தண்டை இயக்கும் பற்சக்கரங்களோ சங்கிலியோ முன்முனையில் இருந்தால், அவை இரைச்சலிட்டு விரைவில் தேய்கின்றன.

1910ஆம் ஆண்டளவில் லான்செஸ்டர் இதற்கொரு தீர்வு கண்டார். தண்டின் முன்முனையில் ஒரு சிறிய சக்கரத்தை இறுக்கிப் பிணைக்காமல், உராய்வு அல்லது எண்ணெயின் பிசுக்கு வழியாக மட்டும் இணைத்தார். தண்டு அதிரும்போது சக்கரம் சீராகவே சுழல முயல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான வழுக்கலில் அதிர்வின் ஆற்றல் வெப்பமாக மாறி அழிகிறது. அதே காலப்பகுதியில் ஹென்றி ராய்சும் இதையொத்த வழியைக் கையாண்டார்.

சமன் தண்டுகள்

நான்கு சிலிண்டர் பொறியில் இரண்டு பிஸ்டன்கள் ஏறும்போது இரண்டு இறங்குகின்றன. எனினும் இணைப்புத் தண்டுகள் சாய்ந்து இயங்குவதால் விசைகள் முழுமையாகச் சமன்படுவதில்லை. எஞ்சும் விசை, கிராங்க் தண்டின் ஒரு சுற்றுக்கு இருமுறை பொறியை மேலும் கீழும் அசைக்கிறது. இருமடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும், ஒருபக்கம் கனமான இரண்டு தண்டுகளால் இவ்விசையைச் சமன்செய்யலாம் என லான்செஸ்டர் காட்டினார்.

பிற பணிகள்

1907, 1908ஆம் ஆண்டுகளில் பறத்தல் குறித்த இரு நூல்களை வெளியிட்டார். போரில் படைகளின் வலிமையைக் கணிக்கும் சமன்பாடுகளை 1916இல் வெளிவந்த நூலில் விளக்கினார். 1922இல் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

இறுதிக் காலமும் தாக்கமும்

இறுதி ஆண்டுகளில் நோயும் பார்வையிழப்பும் பணநெருக்கடியும் இவரை வாட்டின. தம் கண்டுபிடிப்புகளால் இவர் செல்வம் சேர்க்கவில்லை. 1946இல் பர்மிங்காமில் காலமானார். மிட்சுபிசி நிறுவனம் 1970களில் சமன் தண்டுகளை மேம்படுத்தி மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. பின்னர் போர்ஷே உள்ளிட்ட நிறுவனங்களும் அவற்றைப் பின்பற்றின.