எண்களை நேசித்த துறவி மெர்சென்

கணக்கு என்றாலே நம்மில் பலருக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஆனால் செப வாழ்வின் நடுவே எண்களையும் நேசித்த துறவி ஒருவர் உண்டு. அவர்தாம் மரேன் மெர்சென்.

1588ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், அன்னை மரியாளின் பிறந்தநாள் விழாவன்று, பிரான்சு நாட்டின் சிற்றூர் ஒன்றில் எளிய குடும்பத்தில் அவர் பிறந்தார். சேசு சபையார் நடத்திய லா ஃப்ளேஷ் கல்லூரியில் பயின்றார். 1611இல் மினிம் துறவற சபையில் சேர்ந்தார். இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடாத கடுந்தவச் சபை அது.

அக்காலத்தில் அறிவியல் இதழ்கள் இல்லை. பாரிசு மடத்தின் சிறு அறையிலிருந்து மெர்சென் எழுதிய கடிதங்களே அக்குறையைத் தீர்த்தன. டெக்கார்ட், ஃபெர்மா போன்ற மேதைகள் அவருடைய நண்பர்கள். ஒருவர் கண்டதை மற்றவருக்கு அறிவிப்பதே அவருக்கு மகிழ்ச்சி.

இரண்டை இரண்டாலேயே பலமுறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண்களை அவர் ஆராய்ந்தார். மூன்று இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 7. ஐந்து இரண்டுகளானால் 31. இவை வேறு எவ்வெண்ணாலும் வகுபடாத பகா எண்கள். பதினோரு இரண்டுகளானால் 2047. இதுவோ 23ஐ 89ஆல் பெருக்க வருவது! எவை பகா எண்கள், எவை அல்ல? 257 இரண்டுகள் வரை ஒரு பட்டியலை 1644இல் அவர் வெளியிட்டார். அத்தனை பெரிய எண்களைச் சோதிக்கக் காலமெல்லாம் போதாது என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

அப்பட்டியலில் 67 இரண்டுகளால் ஆன எண்ணும் இருந்தது. அது 147573952589676412927, இருபத்தொரு இலக்கங்கள்! அது பகா எண் அன்று என்று 1876இல் லூக்காஸ் நிறுவினார். ஆயினும் அதன் காரணிகள் தெரியவில்லை. 1903இல் அமெரிக்கப் பேராசிரியர் கோல் அவற்றைக் கண்டார்: 193707721, 761838257287. கரும்பலகையில் வாய்திறவாமல் பெருக்கிக் காட்டினார் என்பர். 1947இல் பட்டியல் முழுவதும் சரிபார்க்கப்பட்டது. இரண்டு எண்கள் தவறாகச் சேர்ந்திருந்தன, மூன்று விடுபட்டிருந்தன. விடுபட்ட ஒன்றை 1883இல் கண்டவர் பெர்வூஷின் என்ற உருசியக் குருவானவர்!

மெர்சென் 1648 செப்டம்பர் 1ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். தம் உடலையும் மருத்துவ ஆய்வுக்கே அளித்தார். அவர் அறையில் எழுபத்தெட்டு அறிஞர்களின் கடிதங்கள் இருந்தன.

ஐந்து பிழைகள் இருந்தும் அவ்வெண்கள் இன்றும் மெர்சென் எண்கள் என்றே வழங்குகின்றன. 2024இல் கண்டறியப்பட்ட ஒரு மெர்சென் பகா எண்ணுக்கு நான்கு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள்! அவருடைய கேள்வி முந்நூறு ஆண்டுகள் பலரை உழைக்க வைத்தது. அவர் பிழையைத் திருத்தியதாலேயே கணிதம் வளர்ந்தது.

அன்புத் தோழியரே, விடை தவறினால் விளையும் சிவப்புக் கோட்டுக்கு அஞ்சி வினாவையே விட்டுவிடலாமா? துணிந்து முயல்வோம், பிழை கண்டால் திருத்துவோம், அறிந்ததைப் பிறரோடு பகிர்வோம்.