வானசாஸ்திரி வைணு பாப்பு

அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் எழுப்பும் புழுதியினூடே மாலைச் சூரியன் செந்நிறங்கொண்டு மங்குதலை நாம் பலகாலும் கண்டிருக்கின்றோம். வானவெளியிலும் தூசி உண்டு. நட்சத்திரங்கள் பிறக்கும் விண்மீன் திரள்களினின்று புறப்படும் புற ஊதாக் கிரணங்களை அது விழுங்கிச் சூடேறி, அகச்சிவப்புக் கிரணங்களாக வெளியிடுகின்றது. ஆதலின், வந்த ஒளியை மட்டும் எண்ணுவோர் பிறப்பைக் குறைத்தே மதிப்பிடுவர்.

தனி நட்சத்திரங்களின் வகையில் இத்திரையைக் கடக்க வழி கண்டவர் வைணு பாப்பு. 1927-ல் சென்னையிற் பிறந்த இவர், ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணிபுரிந்த தந்தையாரின் நிழலில் வளர்ந்தார். ஹார்வர்டில் மாணவராயிருக்கையில், 1949-ல் புதிய வால்நட்சத்திரமொன்றைக் கண்டார். குளிர்ந்த நட்சத்திரங்களின் நிறமாலையில், கால்ஸியக் கோட்டின் நடுவே தோன்றும் ஒளிர்வின் அகலம் அவற்றின் மெய்ப் பிரகாசத்தைக் காட்டுமென்று 1957-ல் ஆலின் வில்ஸனும் இவரும் வெளியிட்டனர். தூசி ஒளியை மங்கச் செய்யும், அவ்வகலத்தை மாற்றாது.

1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் தலைமையேற்ற இவர், தெளிந்த வானை நாடி ஜவ்வாது மலைக் காவலூரைத் தேர்ந்தார். 1971-ல் இந்திய வானியற்பியல் நிறுவனத்தை அமைத்தார். காவலூர்ப் பெருந்தூரதரிசினி முற்றுப்பெறுமுன் 1982-ல் மறைந்தார். 1986-ல் அதற்கு இவர் பெயரே சூட்டப்பெற்றது. இந்நிறுவனத்தின் தலைமையில் உருவான புற ஊதாத் தூரதரிசினி 2015-ல் ஆஸ்ட்ரோசாட்டில் விண்ணேறியது.

மங்கியது யாவும் சிறியதன்று. இடைநின்ற தூசியையும் எண்ணியே அளத்தல் வேண்டும். இதுவே இவர் வாழ்வினின்று நாம் பெறும் பாடம்.