வாந்திபேதியின் இரகசியத்தை அறிந்த வங்காள வைத்தியர்

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மருந்துக் கடைகளில் 'ஜீவனி' என்ற சிறு பொதி விற்கப்படுவதை நாம் அறிவோம். பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டால் தாய்மார் முதலில் தேடுவது அதைத்தான். கொதித்தாறிய நீரில் கரைத்துக் கரண்டி கரண்டியாய்ப் பருக்குவார்கள். சோர்ந்து கிடந்த பிள்ளை மறுநாள் எழுந்து விளையாடும்போது ஆண்டவருக்கு நன்றி கூறுவார்கள்.

உப்பும் குளுக்கோசும் கலந்த இந்த எளிய பானம் உயிரைக் காப்பது எப்படி? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், பட்டமும் பதக்கமும் நாடாது உழைத்து மறைந்த வங்காள வைத்தியர் ஒருவரைச் சந்திப்போம். அவர்தான் பேராசிரியர் சம்புநாத் தே.

1915ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆந் திகதி, வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்திலுள்ள கரிபாட்டி என்னும் கிராமத்தில் அவர் பிறந்தார். வீட்டில் வசதி குறைவு. ஆயினும் பையன் படிப்பில் கெட்டிக்காரன். புலமைப்பரிசில் பெற்று ஹூக்ளி மொஹ்சின் கல்லூரியிலும், பின்னர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலும் பயின்று 1939ல் வைத்தியரானார். 1947ல் இலண்டன் சென்று பேராசிரியர் ரோய் கமரனிடம் ஆராய்ச்சி செய்து, 1949ல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கேயே தங்கிவிட எண்ணாமல் தாய்நாடு திரும்பி, கல்கத்தாவில் நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் பணியை ஏற்றார்.

அவர் மனத்தை வாட்டியது வாந்திபேதி நோய். வங்காளத்து ஏழைகளை ஆண்டுதோறும் வாரிக்கொண்டு போன கொள்ளை நோய் அது. நம் நாட்டையும் அது விட்டுவைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்த தோட்டத் தொழிலாளர் பலர் இந்த நோய்க்கு இரையாகி வழியிலேயே மாண்டனர். கொள்ளை நோய்க் காலங்களில் நம் முன்னோர் புனித செபஸ்தியாரிடம் நேர்த்தி வைத்து மன்றாடியதும் சும்மா அல்ல. கடுமையான வாந்திபேதியில் ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றர் வரை நீர் உடலை விட்டு வெளியேறும். காலையில் திடகாத்திரமாய் நடமாடியவர் அந்தி சாயுமுன் பிணமாவதும் உண்டு.

ஜேர்மன் அறிஞர் ரொபர்ட் கொக், 1884ல் கல்கத்தாவில் இந்நோய்க்குக் காரணமான கிருமியைப் பிரித்தறிந்தார். அக்கிருமி ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்றும் அவர் கருதினார். ஆனால் அந்த நஞ்சு எவர் கண்ணிலும் படவில்லை. கிருமியை மிருகங்களின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் ஏற்றி ஏற்றிப் பார்த்தார்கள். மிருகங்கள் இறந்தன; வாந்திபேதி மட்டும் உண்டாகவில்லை. இப்படியே 70 ஆண்டுகள் கழிந்தன.

சம்புநாத் தே வேறு விதமாகச் சிந்தித்தார். நோயாளியின் குடலில்தானே நீர் பெருகுகிறது? அப்படியானால் சோதனையையும் குடலிலேயே செய்யவேண்டும். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் நூலால் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் திறந்து பார்த்தபோது அந்தத் துண்டு நீரால் நிரம்பி வீங்கியிருந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை; நூலும் ஊசியும் கூர்ந்த பார்வையுமே போதுமாயிருந்தன. 1953ல் இச்சோதனையைத் தம் உதவியாளருடன் சேர்ந்து வெளியிட்டார்.

1955ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் நோயியல் துறைக்குத் தலைவரானார். இம்முறை கிருமிகளை முற்றாக வடிகட்டி நீக்கிவிட்டு, அவை வளர்ந்த திரவத்தை மட்டும் முயலின் குடலில் விட்டார். கிருமி ஒன்றுகூட இல்லாத அத்திரவமும் குடலை நீரால் நிரப்பியது. கொக் கருதிய நஞ்சு உண்டென்பது நிரூபணமாயிற்று. 1959ல் 'நேச்சர்' சஞ்சிகையில் இரண்டே பக்கங்களில் இதனை அறிவித்தார். அதே ஆண்டில் பம்பாயில் என். கே. தத்தாவின் குழுவினரும் வேறு வழியில் இத்தகைய முடிவுக்கு வந்தனர்.

அந்த நஞ்சு செய்யும் வேலை என்ன? பின்வந்த அறிஞர்கள் அதைப் படிப்படியாக விளக்கினார்கள்.

நம் உடலிலுள்ள ஒவ்வொரு கலத்தையும் ஒரு மென்சவ்வு மூடியிருக்கிறது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால், அதில் ஐந்தாறு கூறே அதன் தடிப்பு. கொழுப்பினாலான இந்த மதிலை உப்பின் அயன்கள் தாமாகக் கடக்க முடியாது. அவை போய்வருவதற்கென்று புரதத்தாலான வாசல்கள் உண்டு. அவற்றை அயன் கால்வாய்கள் என்பர். கொழும்புத் துறைமுக வாயிலில் காவலர் அனுமதிச் சீட்டுப் பார்த்து ஆளை விடுவதுபோல, ஒவ்வொரு கால்வாயும் தனக்குரிய அயனை, உரிய வேளையில் மட்டுமே விடும்.

சில கிருமிகளின் நஞ்சு இந்த மதிலிலேயே துளையிடும். சீழ்க் கட்டிகளை உண்டாக்கும் ஸ்ரபிலோகொக்கசு கிருமியின் நஞ்சில், ஏழு புரதத் துண்டுகள் வட்டமாய்க் கூடி மென்சவ்வைத் துளைத்துவிடும். அந்தத் துளையால் கலமே அழியும். தே கண்டறிந்த நஞ்சோ மதிலை உடைப்பதில்லை. அதற்குப் பற்றிக்கொள்ளும் பகுதிகள் ஐந்தும், வேலை செய்யும் பகுதி ஒன்றும் உள்ளன. ஐந்தும் குடற்கலத்தைப் பற்றிக்கொள்ள, ஆறாவது உள்ளே புகுந்து, வாசலைத் திறக்கக் கட்டளையிடும் பொறியை அடைகிறது. அந்தப் பொறியைத் திறந்த நிலையிலேயே இறுக்கிவிடுகிறது. குளோரைட்டு அயன்களுக்குரிய கால்வாய் மூடாமலே நிற்கிறது. குளோரைட்டு குடலுக்குள் பாய, சோடியம் அதைத் தொடர, உப்பு போன வழியே நீரும் போகிறது. மதில் நிற்கிறது, வாயிற்காவலன் மட்டும் எதிரியின் கையாளாகிவிட்டான்.

இதிலேதான் நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. குடலின் உட்சுவர் சிதையாமல் இருப்பதால், அதிலுள்ள மற்ற வாசல்கள் தம் கடமையைத் தொடர்ந்து செய்கின்றன. குளுக்கோசும் சோடியமும் சோடியாக உள்ளே செல்லும் வாசல் ஒன்று உண்டு. நஞ்சு அதைத் தீண்டுவதில்லை. உப்பையும் குளுக்கோசையும் அளவாய்க் கலந்து பருக்கினால், இழந்த நீர் அந்த வாசலால் உடலுக்குத் திரும்பும். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய அளவின்படி, ஒரு லீற்றர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோசும் 2.6 கிராம் உப்பும் வேறிரு உப்புகளும் சேர்க்கப்படுகின்றன. ஆகவே பொதியில் எழுதியுள்ள அளவுக்குக் கூடாமலும் குறையாமலும் நீர் விடவேண்டும் என்பதைத் தாய்மார் மறக்கலாகாது.

இந்தப் பானத்தைக் கண்டுபிடித்தவர் தே அல்லர். அது பலர் உழைத்து உருவாக்கியது. ஆனால் நோயின் இருப்பிடம் இரத்தமல்ல, குடலே என்பதைச் சந்தேகமறக் காட்டியவர் அவர். 1971ல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளின் பொங்கான் முகாமில் வாந்திபேதி பரவியபோது, வைத்தியர் திலிப் மகலநாபிஸ் இப்பானத்தை நோயாளரின் உறவினர் கையிலேயே கொடுத்துப் பருக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாயிற்று.

தேயின் கட்டுரைக்கு உடனே பெரிய வரவேற்பு இருக்கவில்லை. அந்த நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கும் பேறு 1969ல் அமெரிக்க அறிஞர்களுக்கே கிடைத்தது. 1973ல் அவர் ஓய்வு பெற்றார். 1978ல் ஸ்ரொக்கோமில் நொபெல் அறக்கட்டளையின் கருத்தரங்கொன்று வாந்திபேதி பற்றி நடந்தபோதுதான் அங்கு பேச அழைக்கப்பட்டார். நொபெல் பரிசு பெற்ற ஜோசுவா லெடர்பேர்க், தேயின் பெயரை அப்பரிசுக்கு ஒரு முறைக்கு மேல் முன்மொழிந்தும் அது கிடைக்கவில்லை. தாய்நாட்டிலும் பெரிய விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை. 1985 ஏப்ரல் 15ஆந் திகதி, தமது எழுபதாவது வயதில் அமைதியாகக் கண்மூடினார். அவர் அருமையை உணர்ந்த இந்தியாவின் 'கரன்ட் சயன்ஸ்' சஞ்சிகை, 1990ல் அவர் நினைவாகச் சிறப்பிதழ் வெளியிட்டது.

அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் தாகத்தால் வாடியவருக்குத் தண்ணீர் கொடுத்ததைத் தமக்கே செய்ததாக ஏற்றுக்கொள்ளும் ஆண்டவர், இவருடைய உழைப்பை எப்படி ஏற்றிருப்பார் என்பதை நாம் ஊகிக்கலாம். நம் பங்குகளிலும் இப்படி உழைப்பவர்கள் உண்டு. இரவெல்லாம் கண்விழித்து நோயாளிக்குப் பணிவிடை செய்யும் தாதி, எவரும் பாராட்டாத போதும் மறைக்கல்வி வகுப்புக்குத் தவறாமல் வரும் ஆசிரியை, பிள்ளையின் வாயில் கரண்டியால் நீர் ஊட்டும் தாய் ஆகியோருக்கு மேடையும் இல்லை, மாலையும் இல்லை.

அடுத்த முறை வீட்டில் ஒரு ஜீவனிப் பொதியைப் பிரிக்கும்போது, முயற்குடலின் சிறு துண்டுக்கு முன் பொறுமையோடு அமர்ந்திருந்த அந்த மனிதரை நினைத்துக்கொள்வோம். பிள்ளைக்காகச் சொல்லும் செபத்தோடு அவருக்காகவும் ஒரு சிறு செபம் சொல்வோம்.