வானத்தைக் காட்டிய ஆசான்

அறிவியலைக் கற்பது ஒரு கலை. கற்றதைப் பிறர் கண்ணில் படும்படி காட்டுவது மற்றொரு கலை. இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்தவர் சர் சி. வி. இராமன்.

1888 நவம்பர் 7-ஆம் நாள் திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1907-இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார். அங்கே மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-இல் நிறுவிய அறிவியல் கழகம் ஒன்றிருந்தது. பொதுமக்களுக்கு அறிவியல் சொற்பொழிவு நடத்துவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. அலுவலகம் போகுமுன்னும் வந்தபின்னும் இராமன் அங்கே ஆய்வு செய்தார். 1917-இல் பதவியைத் துறந்து பேராசிரியரானார்.

1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்புகையில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஈர்த்தது. வானத்தின் சாயலே கடலில் தெரிகிறது என்பது அந்நாளைய கருத்து. இராமன் நிகோல் பட்டகத்தின் வழியே நோக்கினார். நீர்ப்பரப்பில் பட்டு மீளும் வான ஒளி அடங்கியது. நீலமோ மேலும் துலங்கிற்று! நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று எழுதினார். (நீர் செந்நிறத்தை உறிஞ்சுவதும் கடல் நீலத்துக்குப் பெருங்காரணம் என இன்று அறிவோம்.)

1928-இல், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனுடன் செய்த சோதனைகளிலும் இதே போக்குதான். ஊதாவை மட்டும் விடும் வடிகட்டியைத் திரவத்தின் முன்னும், அவ்வூதாவைத் தடுப்பதைப் பின்னும் வைத்தனர். அப்படியும் எஞ்சித் தெரிந்த மங்கிய ஒளி, நிறம் மாறிய புதிய ஒளி. 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வேண்டாத ஒளியை விலக்கினால் வேண்டியது தெரியும். அறிவியல் காணொளிகளுக்கும் இது பொருந்துமன்றோ? அமெரிக்க உளவியலறிஞர் ரிச்சர்ட் மேயர் பல்லூடகக் கல்வி பற்றி 2001-இல் எழுதிய நூலில், சொல்லும் படமும் ஒரே நேரத்தில் வரவேண்டும், பாடத்துக்கு உதவாத இசையும் அலங்காரமும் கூடாது என்கிறார். பேசுவதையே திரையில் எழுத்தாகவும் ஓட்டினால் கண் படத்தை விட்டுவிடும் என்பதும் அவர் கருத்து. ஆங்கிலக் காணொளியைத் தட்டுத்தடுமாறிப் பார்க்கும் எம்போன்றோருக்கு அவ்வெழுத்தும் வேண்டும் என்பேன் நான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா பீடி சுற்றுகிறார். ஐயம் வந்தால் கைப்பேசியே துணை. எது விளங்க வைக்கும், எது வெறும் வாணவேடிக்கை என்று பிரித்தறிவது எங்களுக்குப் பொழுதுபோக்கன்று.

1968 டிசம்பரில், எண்பது வயதில், விக்ரம் சாராபாய் தொடங்கிய அறிவியல் மையத்துக்காக அகமதாபாத்தில் இராமன் உரையாற்றினார். பொருள்: வானம் ஏன் நீலம்? யாவரும் அன்றாடம் காணும் வானமே பாடப்பொருள். நிலவொளியில் அந்நீலம் ஏன் தெரிவதில்லை என்று வினவி, மங்கிய ஒளியில் கண் நிறம் அறியாது என்பதுவரை கேட்போரை அழைத்துச் சென்றார். 1970 நவம்பர் 21-இல் மறைந்தார்.

கடையத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அவ்வானத்தை நான் கண்ணாடித் தம்ளரில் காட்டினேன். நீரில் சில துளி பால், இருட்டறையில் கைவிளக்கு. பக்கவாட்டில் இளநீலம், எதிர்ப்புறம் செம்மஞ்சள். முதலில் நான் பேசவேயில்லை. அவர்கள் பார்த்தபின் சொன்னேன். இன்னும் பால் ஊற்றச் சொன்னாள் ஒரு சிறுமி. ஊற்றினேன், நீலம் போய் வெண்மை பரவிற்று. அப்படியானால் மேகம்? என்றாள்.